சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் உங்கள் கேஷ் என்ன ஆகும்?

கிளவுட் நிறுவனங்கள் அனுப்பும் மின்னஞ்சல்களில் பலரும் திறக்காமலே ஒதுக்குவது ஒன்று உண்டு. உங்கள் சர்வர் ஓடும் இயந்திரம் பழுதாகி வருகிறது, இன்ன தேதிக்குள் நீங்களே நிறுத்தித் தொடங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் நிறுத்துவோம் என்று அதில் எழுதியிருக்கும். கோவில்பட்டியிலோ கடம்பூரிலோ வீட்டில் இருந்தபடி சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு வேலை பார்ப்பவரின் கைக்கு அந்த மின்னஞ்சல் வந்தால், அன்றைக்கு அவர்தான் பொறுப்பாளர். சர்வரை நிறுத்தித் தொடங்குவதற்குச் சில நிமிடம் போதும். தொடங்கிய பிறகு என்னென்ன காணாமல் போயிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் சம்பளம்.

தயாராக இல்லாத இடத்தில் வழக்கமாக நடப்பது இது. சர்வர் எழுந்துவிடும், பச்சை விளக்கும் எரியும். ஆனால் உள்ளே இருந்த பயனர்கள் அத்தனை பேரும் லாகின் பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருப்பார்கள். கார்ட்டில் போட்டு வைத்த பொருள் இருக்காது. அப்போதுதான் வந்த ஓடிபி செல்லாது. அனுப்ப வேண்டிய குறுஞ்செய்திகளின் வரிசை காலியாகியிருக்கும். அதற்குள் டேட்டாபேஸ் மூச்சுத் திணறத் தொடங்கும். கேஷ் ரேமில் இருந்தது. ரேமுக்கு மின்சாரம் நின்றால் நினைவு இல்லை.

மதுரை–திருநெல்வேலி பாதையில் போகிறவர்களுக்குக் கடம்பூர் போளி தெரியும். வண்டி வந்து நின்ற பிறகு மாவு பிசைந்தால் ஒரு போளிகூட விற்காது. முன்பே சுட்டு அடுக்கி வைத்திருப்பதால்தான் நிற்கும் சில நிமிடங்களில் ஜன்னலோரம் கை மாறுகிறது. கேஷ் செய்வதும் அதையே: கேட்பார்கள் என்று தெரிந்த விடையை முன்பே தயாராக வைத்திருப்பது. ரீஸ்டார்ட் ஆன சர்வர் என்பது காலித் தட்டோடு பிளாட்பாரத்தில் நிற்பது.

அதே ரயில்வேயின் டிக்கெட் விற்பனையிலேயே கேஷின் இடத்தைப் பெரிய அளவில் பார்க்கலாம். ரயில்வேயின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான க்ரிஸ், ஐஆர்சிடிசிக்காக 2014-இல் புதிய முன்பதிவுத் தளத்தைக் கொண்டுவந்தது. அதில் ஜெம்ஃபயர் என்னும் நினைவகத் தரவு அமைப்பு முன்னால் நிறுத்தப்பட்டது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது. ஆனால் எந்த இருக்கை யாருக்கு என்ற இறுதிக் கணக்கு பின்னால் இருக்கும் பிஆர்எஸ் என்ற முன்பதிவு அமைப்பில்தான் இருக்கிறது. வேகம் நினைவகத்தில், கணக்கு டேட்டாபேஸில். இந்தப் பிரிவினை உங்கள் நிறுவனத்தில் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கேஷை எப்படி அழியாமல் வைப்பது என்று தேடத் தொடங்கும் முன், அதில் இருப்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இது போய்விட்டால் வேறு எங்கிருந்தாவது திரும்ப உண்டாக்க முடியுமா?

விலைப்பட்டியல், பொருள் விவரம், முகப்புப் பக்கத்தின் துண்டுகள் எல்லாம் டேட்டாபேஸிலிருந்து நொடியில் திரும்ப வரும். போனால் போகட்டும். மாதாந்தர அறிக்கை, பல அட்டவணைகளைக் கூட்டிக் கழித்து எடுத்த கணக்கு போன்றவை திரும்ப வரும், ஆனால் நேரமும் டேட்டாபேஸின் பலமும் தின்னும். மூன்றாவது வகைதான் ஆபத்து: லாகின் செஷன், கார்ட், அனுப்பக் காத்திருக்கும் வேலைகளின் வரிசை, ஒருவர் எத்தனை முறை முயன்றார் என்ற எண்ணிக்கை. இவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

வேறு பிரதி இல்லாத ஒன்றைக் கேஷ் என்று அழைக்கவே கூடாது என்பது என் கருத்து. அது உங்கள் மூலத் தரவு. தவறான பெட்டியில் இருக்கிறது. பணம் சம்பந்தப்பட்டது எதுவாக இருந்தாலும், ஆர்டர், கட்டண நிலை, வாலட் இருப்பு, அதை முதலில் டேட்டாபேஸில் எழுதிவிட்டுப் பிறகு கேஷில் வையுங்கள். கார்ட்டையும் டேட்டாபேஸுக்கு மாற்றச் சொல்வேன். கடலைமிட்டாய் விற்கும் ஒரு சிறு ஆன்லைன் கடைக்கு ஒரு நாளில் வரும் கார்ட்டுகளை எந்த டேட்டாபேஸும் அசையாமல் தாங்கும்.

இன்னொன்று. கேஷ் வைக்கும் நிரலான ரெடிஸ் ஒன்றிலேயே பக்கத் துண்டுகளையும் வேலை வரிசையையும் சேர்த்து வைத்திருப்பார்கள். நினைவகம் நிரம்பினால் பழையதைத் தள்ளிவிடு என்ற கட்டளையும் அதற்குக் கொடுத்திருப்பார்கள். பக்கத் துண்டுக்கு அது சரி. வரிசைக்கு அது நஞ்சு. ரீஸ்டார்ட் இல்லாமலே வேலைகள் மறைந்துபோகும். இரண்டு ரெடிஸ் தனித்தனியாக ஓட்டுங்கள். ஒன்று மறக்கலாம், மற்றது மறக்கக் கூடாது. கூடுதல் செலவு மிகக் குறைவு.

ரீஸ்டார்ட் என்றால் எந்த ரீஸ்டார்ட்?

மேலாளர் “ரீஸ்டார்ட் பண்ணிடுங்க” என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு காரியங்கள் இருக்கின்றன. ரெடிஸ் என்ற ஒரு நிரலை மட்டும் நிறுத்தித் தொடங்கலாம். சர்வரை ரீபூட் செய்யலாம். சர்வரை முழுவதும் நிறுத்தி மறுபடி தொடங்கலாம். பழைய சர்வரை அழித்துவிட்டுப் புதியது எழுப்பலாம். நான்கிலும் ரேம் காலியாகும். டிஸ்க் என்ன ஆகும் என்பதில்தான் வித்தியாசம்.

அமேசானை எடுத்துக்கொள்வோம். ஈசி2 சர்வரில் இரண்டு வகை டிஸ்க் வரும். ஈபிஎஸ் என்பது நெட்வொர்க் வழியே இணைந்த டிஸ்க். சர்வரை நிறுத்தினாலும் அது அப்படியே இருக்கும். இன்ஸ்டன்ஸ் ஸ்டோர் என்பது அந்த இயந்திரத்துக்குள்ளேயே பொருத்திய டிஸ்க். மிக வேகமானது, ரீபூட்டையும் தாங்கும், ஆனால் நிறுத்தித் தொடங்கினால் அதில் இருந்தது அழிந்துவிடும். சர்வரை அழித்தால் ஈபிஎஸ் வகை மூல டிஸ்க்கும் இயல்பாகச் சேர்ந்தே அழியும். அதைத் தடுக்கும் அமைப்பை நீங்கள்தான் மாற்ற வேண்டும். நிறுத்தித் தொடங்கும்போது பொது ஐபி முகவரியும் மாறும். நிலையான முகவரி வாங்கி வைக்காதவர்கள் கேஷைக் காப்பாற்றிவிட்டு வெப்சைட்டைத் தொலைப்பார்கள். அஷ்யூரில் தற்காலிக டிஸ்க் என்றே பெயரிட்டுத் தருகிறார்கள், பெயரைப் பார்த்தும் அதில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். விலை குறைவென்று ஸ்பாட் சர்வர் எடுத்திருந்தால் அமேசான் 2 நிமிட அறிவிப்போடு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

டாக்கரில் ஓட்டுகிறவர்களுக்கு: கண்டெய்னருக்குள் எழுதியது கண்டெய்னரை நீக்கும்போது போய்விடும். பெயரிட்ட வால்யூம் ஒன்றை இணைத்து, ரெடிஸின் கோப்புகள் அதில் விழுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். குபர்னெட்டிஸில் எம்ப்டிடைர் என்ற இடம் பாட் நீங்கும்போது மறையும்; நிலைத்த வால்யூம் கேட்டு வாங்க வேண்டும்.

ரெடிஸ் எழுதி வைக்கும் விதம்

இனி முக்கியமான பகுதி. 2003-இல் லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய மெம்கேஷ்டு இயல்பாக எதையும் டிஸ்க்கில் எழுதாது. 2009-இல் இத்தாலியரான சால்வத்தோரே சான்ஃபிலிப்போ வெளியிட்ட ரெடிஸ் எழுதும். உரிமம் மாறியதால் 2024-இல் அதிலிருந்து பிரிந்த வால்கீயும் அதே முறையில் எழுதும். எழுதுவதற்கு இரண்டு வழிகள்.

முதல் வழி ஆர்டிபி. அவ்வப்போது மொத்த நினைவகத்தையும் படம் பிடித்து ஒரே கோப்பாக வைப்பது. கோப்பு சிறியது, தொடங்கும்போது வேகமாக ஏறும். இயல்பு அமைப்பில் ஒரு மணி நேரத்தில் ஒரு மாற்றமாவது, அல்லது 5 நிமிடத்தில் 100 மாற்றம், அல்லது 1 நிமிடத்தில் 10,000 மாற்றம் நடந்தால் படம் எடுக்கும். இந்தக் கணக்கைச் சிறு நிறுவனங்கள் கவனிப்பதில்லை. உங்கள் கடைக்கு 5 நிமிடத்தில் 100 மாற்றம்கூட வராது என்றால், உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு படம்தான். திடீரென்று இயந்திரம் செத்தால் ஒரு மணி நேர வேலை போகலாம். போக்குவரத்து குறைந்த தளத்துக்குத்தான் இழப்பு அதிக நேரம்.

இரண்டாவது வழி ஏஓஎஃப். ஒவ்வொரு எழுத்துக் கட்டளையையும் ஒரு கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போவது. தொடங்கும்போது அதைத் திரும்ப ஓட்டிப் பழைய நிலைக்கு வரும். டிஸ்க்கில் உறுதியாக இறக்குவதை நொடிக்கொரு முறை என்று வைக்கலாம், ஒவ்வொரு கட்டளைக்கும் என்று வைக்கலாம், இயங்குதளத்தின் விருப்பத்துக்கும் விடலாம். நொடிக்கொரு முறை என்பது பெரும்பாலானோருக்குப் போதும். விபத்தில் சுமார் ஒரு நொடி எழுத்துகள் போகும், வேகம் பெரிதாகக் குறையாது. செஷனும் வரிசையும் இருக்கும் ரெடிஸில் இரண்டு வழிகளையும் சேர்த்தே வையுங்கள். ஏஓஎஃப் இழப்பைக் குறைக்கும், ஆர்டிபி வெளியே எடுத்து வைக்க வசதியான பிரதி.

ஏஓஎஃப் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ரெடிஸில் அதைச் சேர்க்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. ஆர்வத்தில் கான்ஃபிக் கோப்பில் ஏஓஎஃப்பை “யெஸ்” என்று மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால், ரெடிஸ் ஏஓஎஃப் கோப்பைத்தான் தேடும். அது இல்லாததால் காலியாக எழும். பக்கத்தில் ஆர்டிபி கோப்பு முழுதாக இருந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்காது. தரவைக் காக்கச் செய்த மாற்றமே தரவை இழக்க வைக்கும். சரியான வரிசை: முதலில் ஆர்டிபி கோப்பின் பிரதியை வேறிடத்தில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரெடிஸிலேயே கான்ஃபிக் செட் கட்டளையால் ஏஓஎஃப்பை இயக்குங்கள். முதல் கோப்பு முழுதாக எழுதி முடிந்ததா என்று பாருங்கள். பிறகு கான்ஃபிக் ரீரைட் கட்டளையால் அந்த மாற்றத்தைக் கோப்பில் பதியுங்கள். அதன் பிறகே ரீஸ்டார்ட்.

அணைக்கும் விதமும் முக்கியம். முறைப்படி நிற்கச் சொன்னால், ஆர்டிபி அமைந்திருக்கும் ரெடிஸ் கடைசியாக ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் நிற்கும். ஆனால் டாக்கர் 10 நொடிதான் பொறுக்கும், குபர்னெட்டிஸ் 30 நொடி, சிஸ்டம்டி பொதுவாக 90 நொடி. அதற்குள் முடியவில்லை என்றால் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும். பல ஜிகாபைட் தரவை மெதுவான டிஸ்க்கில் எழுத 10 நொடி போதாது. எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பார்த்து, அந்தப் பொறுமை நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

படம் எடுக்கும்போது ரெடிஸ் தன்னையே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எழுத்து அதிகமாக நடந்தால் நினைவகத் தேவை இரு மடங்கு வரைகூடப் போகும். 4 ஜிபி சர்வரில் ரெடிஸுக்கு மூன்றரை ஜிபி ஒதுக்குகிறவர் படம் எடுக்கும் நேரத்தில் மாட்டுவார். பாதியை ஒதுக்குங்கள். லினக்ஸில் ஓவர்கமிட் மெமரி அமைப்பை 1 என்று வைக்கும்படி ரெடிஸ் தொடங்கும்போதே எச்சரிக்கை எழுதும்; அந்த லாகைப் படித்து அப்படியே செய்யுங்கள்.

ரெப்ளிகா, அதாவது முதன்மை ரெடிஸைப் பின்பற்றும் இன்னொரு ரெடிஸ், இருக்கிறதே, பயமில்லை என்று இருப்பவர்களுக்கு ஒரு சொல். முதன்மை ரெடிஸில் டிஸ்க் எழுத்தை அணைத்து வைத்து, அது விழுந்தால் தானாக எழும்படியும் அமைத்திருந்தால், விழுந்து காலியாக எழும் முதன்மையைப் பார்த்து ரெப்ளிகாவும் தன்னிடம் இருப்பதை அழித்துவிட்டு அதேபோல் காலியாகும். இதை ரெடிஸின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. ரெப்ளிகா ஒரு மாற்று ஆள். அதை பேக்கப் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

தட்டு காலியாக இருக்கும்போது கூட்டம் வந்தால்

எழுதி வைக்கத் தேவையில்லாத, திரும்ப உண்டாக்கக்கூடிய கேஷ் இருக்கிறதே, அதன் ஆபத்து வேறு. தரவு தொலைவதில்லை, தொலைந்ததைத் தேடி எல்லோரும் ஒரே நேரத்தில் டேட்டாபேஸ் வாசலில் நிற்பார்கள்.

2010 செப்டம்பர் 23-ஆம் தேதி ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது. கேஷில் இருந்த ஓர் அமைப்பு மதிப்பு தவறானது என்று கண்ட ஒவ்வொரு கிளையண்ட்டும் அதைச் சரிசெய்ய டேட்டாபேஸிடம் ஓடியது. நொடிக்கு லட்சக்கணக்கான கேள்விகளில் டேட்டாபேஸ் திணற, பதில் வராததையே தவறு என்று எடுத்துக்கொண்டு கேஷை அழித்து மறுபடி கேட்டன. தளத்தையே மூடிக் கூட்டத்தைக் கலைத்த பிறகுதான் மீள முடிந்தது. அதே நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், மெம்கேஷ்டு சர்வர்களின் ஒரு தொகுதியை மேம்படுத்த 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று எழுதியது. காலியான கேஷ் நிரம்பும் வரை டேட்டாபேஸின் சுமையைப் பார்த்துப் பார்த்து நகர்த்த வேண்டியிருந்தது. அதற்காகத் தரவைப் பகிர்வு நினைவகத்தில் வைத்து, நிரல் மாறினாலும் தரவு மாறாதபடி செய்தார்கள். அந்த வசதி போன்ற ஒன்று இப்போது எல்லோருக்குமான மெம்கேஷ்டிலும் இருக்கிறது. நிரலை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் தரவு தப்பும். சர்வர் ரீபூட் ஆனால் தப்பாது.

உங்கள் அளவுக்கு வேண்டியது எளிமையானது. அதிகம் கேட்கப்படும் சில நூறு விடைகளை முன்கூட்டியே ஏற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதி, அது முடிந்த பிறகே பயனர்களை உள்ளே விடுங்கள். ஒரே விடையை நூறு பேர் கேட்டால் ஒருவர் மட்டும் டேட்டாபேஸுக்குப் போகும்படி பூட்டு வையுங்கள். எல்லா விடைகளுக்கும் ஒரே காலாவதி நேரம் கொடுக்காமல் கொஞ்சம் முன்பின்னாகக் கலைத்துவிடுங்கள். டேட்டாபேஸுக்கும் சொந்தக் கேஷ் உண்டு என்பதை மறக்காதீர்கள்: மைஎஸ்கியூஎல் 5.7 முதல் அணையும்போது தன் பஃபர் பூலின் பட்டியலை எழுதி வைத்து, எழும்போது இயல்பாகவே ஏற்றிக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸில் 11-ஆம் பதிப்பு முதல் ஆட்டோப்ரீவார்ம் இருக்கிறது, நீங்கள் இயக்க வேண்டும்.

வேலையிடத்தில் இதை எப்படிச் செய்வது

எவ்வளவு தரவு போனால் பரவாயில்லை என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அது வியாபார முடிவு. மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: “ஐயா, செஷனில் ஒரு நொடி வரை போகலாமா, ஒரு மணி நேரம் வரை போகலாமா? ஒரு நொடி என்றால் டிஸ்க் செலவு இவ்வளவு கூடும்.” கேள்வியை இப்படி வைத்தால் ஒரே மின்னஞ்சலில் பதில் வந்துவிடும். பதில் வந்த பிறகு உங்கள் வேலை தெளிவு.

டிஸ்க்கில் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கோப்பு பொறுப்புக்குரியது. அதில் வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வந்திருக்கிறது. டிஸ்க்கை மறையாக்கம் செய்யுங்கள், கோப்பின் அனுமதிகளை இறுக்குங்கள், ரெடிஸைப் பொது இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடக்கும் ரெடிஸை அழித்துவிட்டுப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கல்லூரி முடிக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு: கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரி 1984 முதல் இந்தக் கரிசல் பூமியிலிருந்து பொறியாளர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது; ஜோஹோ 2011-இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. ஊரைச் சுற்றியே இந்த வேலைக்கு இடம் உண்டு. இதைப் பழகக் கிளவுடுக்குக் காசு கட்ட வேண்டாம், லேப்டாப் போதும். டாக்கரில் வால்யூம் இல்லாமல் ரெடிஸ் ஓட்டி, சில சாவிகளைப் போட்டு, கண்டெய்னரை நீக்கிப் பாருங்கள். வால்யூமோடு அதையே செய்யுங்கள். முறைப்படி நிறுத்துங்கள், பிறகு கில் மைனஸ் 9 கொடுத்து நிறுத்துங்கள். இரண்டிலும் எத்தனை சாவி தப்பியது என்று குறித்து வையுங்கள். காலாவதி நேரம் கொடுத்த சாவிகளைக் கவனியுங்கள்: ரெடிஸ் காலாவதியைக் கடிகார நேரமாகவே எழுதி வைக்கும், சர்வர் அணைந்திருந்த நேரமும் கணக்கில் சேரும். நேர்காணலில் ஆர்டிபிக்கும் ஏஓஎஃப்புக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பலரும் வரையறை சொல்வார்கள். நீங்கள் குறித்து வைத்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் இந்த வாரமே மேலாளரிடம் அனுமதி வாங்கி, சோதனைச் சர்வரை உண்மையாகவே நிறுத்தித் தொடங்குங்கள். தொடங்கியபின் மூன்றைச் சோதியுங்கள்: பழைய லாகின் இன்னும் செல்கிறதா, வரிசையில் இருந்த வேலைகள் அத்தனையும் இருக்கின்றனவா, டேட்டாபேஸின் சுமை எத்தனை நிமிடத்தில் பழைய அளவுக்கு இறங்கியது. விடைகளையும் செய்த கட்டளைகளையும் வரிசையாக ஒரு பக்கத்தில் எழுதி, குழுவில் எல்லோருக்கும் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் சர்வர் விழுந்தால் உங்கள் சக ஊழியருக்கு அந்த ஒரு பக்கம் வேண்டும்.